பேங்காக் வரை ஒரே டிக்கெட் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

நாடு விட்டு நாடு ரயில் விடுவது பற்றிப் பேச்சு எழுந்தாலே அதிவேக ரயிலைத்தான் எல்லாரும் பேசுகிறார்கள். கோலாலம்பூர் - சிங்கப்பூர் அதிவேக ரயில் ஒப்பந்தம் 2021 தொடக்கத்தில் ரத்தானதைப் பார்த்துவிட்டோம். மலேசியாவிலிருந்து பேங்காக் வரை ஏற்கெனவே கிடக்கும் தண்டவாளத்தை யாரும் கண்டுகொள்ளாததுதான் எனக்கு ஆதங்கம்.

மலேசியா, தாய்லாந்து இரண்டுமே மீட்டர் அகலப் பாதைதான். எல்லையிலுள்ள பாடாங் பெசார் நிலையத்தில் இரு நாட்டுக் குடிநுழைவு அதிகாரிகளும் ஒரே கட்டடத்தில் கடப்பிதழில் முத்திரை குத்துகிறார்கள். ஈப்போவில் இடிஎஸ் என்னும் மலேசிய மின்சார ரயிலைப் பிடித்தால் பாடாங் பெசாருக்கு மூன்று மணி நேரம் போல ஆகும். அங்கிருந்து மாலையில் புறப்படும் தாய்லாந்துப் படுக்கை ரயில் மறுநாள் காலையில் பேங்காக் சேர்ந்துவிடும். இருட்டியதும் பணியாளர் வந்து இருக்கைகளைச் சேர்த்து இழுத்து, மெத்தை போட்டு, வெள்ளை விரிப்பை மடிப்புக் கலையாமல் விரித்து, திரையைத் தொங்கவிட்டுப் போவார். வயதானவர்களுக்கு இதைவிடச் சுகமான பயணம் கிடையாது.

பேங்காக்கோடு பாதை முடியவில்லை. 2024 ஜூலை முதல் அங்கிருந்து லாவோஸ் தலைநகர் வியன்டியானுக்கு நேரடி ரயில் ஓடுகிறது. வியன்டியானில் நிலையம் மாறி ஏறினால் சீனாவின் குன்மிங் வரை போகலாம். சுமார் ஆயிரம் கிலோமீட்டர், தொடங்கியபோது பத்தரை மணி நேரம். அந்தச் சேவை 2023 ஏப்ரலில் வந்தது.

பாதை இருந்தும் பயணம் துண்டு துண்டாகக் கிடக்கிறது. இடிஎஸ்ஸுக்கு ஒரு டிக்கெட், தாய்லாந்து ரயிலுக்கு வேறொரு டிக்கெட். தாய்லாந்து நேரம் நம்மைவிட ஒரு மணி நேரம் பின்னால் என்பதால் முதல்முறை போகிறவர்கள் குழம்புகிறார்கள். நம் ரயில் தாமதமாகி அந்த ரயில் போய்விட்டால் பணத்துக்கும் இரவுத் தங்கலுக்கும் யார் பொறுப்பு? 2016 வரை பேங்காக் ரயில் பினாங்குத் தீவுக்கு எதிரே உள்ள பட்டர்வொர்த்துக்கே வந்துகொண்டிருந்தது. இப்போது எல்லையோடு நின்றுவிடுகிறது. நம் பாதை மின்மயமாகிவிட்டாலும் தாய்லாந்தின் டீசல் எஞ்சின் மின்கம்பிக்குக் கீழும் ஓடும். அதனால் பழையபடி பட்டர்வொர்த் வரை விடுவதற்குத் தொழில்நுட்பம் தடையில்லை. விடுமுறைக் காலத்தில் மலேசிய ரயில்வேயான கேடிஎம்பி தென் தாய்லாந்தின் ஹாட்யாய் வரை சிறப்பு ரயில் விடுகிறதே!

விமானம் இரண்டு மணி நேரத்தில் பேங்காக் போய்விடுமே என்பார்கள். சரி, பேங்காக் மட்டும் போகிறவருக்கு அது பொருந்தும். ஈப்போவிலிருந்தோ அலோர் ஸ்டாரிலிருந்தோ தாய்லாந்தின் சூராட் தானி, ஹுவா ஹின் போகிற குடும்பத்துக்கு ரயில்தான் வசதி. பெரும்பாலும் ஊருக்கு நடுவிலேயே ஏறி இறங்கலாம்.

புதுப் பாதை, புதுப் பாலம் எதுவும் கேட்கவில்லை. இரு நாட்டு ரயில்வேயும் சேர்ந்து ஒரே டிக்கெட் விற்கட்டும். ஒரு ரயில் தாமதமானால் பயணியை அடுத்த ரயிலில் ஏற்றிவிடும் பொறுப்பும் அந்த டிக்கெட்டில் இருக்கட்டும். தங்கள் நாளிதழ் இதைப் போக்குவரத்து அமைச்சிடம் கேள்வியாகவே எழுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஈப்போ வாசகர்