2024–25 ஆண்டறிக்கை: செயலாளர் வாசித்தது

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு நண்பர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமை காலையை ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். பெங்களூர் அல்சூர் வட்டாரத் தமிழ்க் குடும்பங்களுக்கான நம் சங்கத்தின் ஆண்டறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன்.

சித்திரைத் திருநாள் கூட்டம் ஏப்ரலில் நடந்தது. ஆகஸ்டில் குறள் ஒப்பித்தல் போட்டி. நவம்பர் 1 அன்று கன்னட ராஜ்யோத்சவத்தை அக்கம்பக்கத்தாருடன் சேர்ந்து கொண்டாடினோம். ஜனவரியில் பொங்கல் விழா. ஞாயிறு தமிழ் வகுப்பு தடையின்றி நடக்கிறது.

இனி, இந்த ஆண்டு நான் அதிக நேரம் கொடுத்த வேலையான, சங்கத் தாள்களை ஒழுங்குபடுத்தியதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

2024 பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு, மைதான அனுமதிக்கு முந்தைய ஆண்டு கொடுத்த விண்ணப்பத்தின் நகலை நான்கு பேர் ராத்திரி பதினொரு மணி வரை தேடினோம். கிடைக்கவில்லை. விழா முடிந்து ஒரு வாரம் கழித்து, ஒருவருடைய வாட்ஸ்அப்பில் ‘புதுசு இறுதி 2’ என்ற பெயரில் கிடைத்தது. ஷாமியானாக்காரரின் பழைய விலைப்பட்டியலும் கையில் இல்லாததால் அவர் கேட்ட தொகையை அப்படியே கொடுத்தோம். அது நம் சங்கப் பணம். அந்த வருத்தத்தில்தான் இந்த வேலை தொடங்கியது.

ஜூன் மாதம் எல்லாத் தாள்களையும் கூகுள் டிரைவில் ஏற்றினேன். முதலில் ஃபோல்டர் போட்டுப் பிரித்தோம், அது சரிவரவில்லை. பொங்கலுக்கு மைக் செட் வாடகை கொடுத்த ரசீது பொங்கல் ஃபோல்டருக்குப் போக வேண்டுமா, ரசீது ஃபோல்டருக்கா? இரண்டும் சரிதான். ஆனால் வைத்தவர் நினைத்தது ஓரிடம், தேடுபவர் பார்ப்பது வேறிடம். தாள் எதைப் பற்றியது என்று காட்ட அதற்கு இடும் குறிச்சொல்லில் இந்தச் சிக்கல் இல்லை. ஜிமெயிலில் ஒரே கடிதத்துக்குப் பல லேபிள் ஒட்டுவதைப் போல, ஒரே தாள் பொங்கலாகவும் இருக்கலாம், ரசீதாகவும் இருக்கலாம். டிரைவில் கோப்புக்கு லேபிள் ஒட்டும் வசதி நம் இலவசக் கணக்கில் கிடையாது. அதனால் கோப்பின் பெயரிலேயே சொற்களைச் சேர்த்துவிடுகிறோம்: எந்த நிகழ்ச்சி, என்ன வகைத் தாள், எந்த ஆண்டு. இந்த மூன்றும் போதும்.

இது என் கண்டுபிடிப்பு அல்ல. சீர்காழியில் 1892இல் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ். ஆர். ரங்கநாதன், நூலகத்தில் நூல்களை வகைப்படுத்தும் கோலன் பகுப்புமுறையை 1933இல் வெளியிட்டார். ஒரு நூலை ஒரே பெட்டியில் அடைக்காமல், அதன் பொருளைப் பல முகங்களாகப் பிரித்து, நடுவே முக்காற்புள்ளி இட்டுக் கோத்துக் காட்டும் முறை அது. இடமும் காலமும் அந்த முகங்களில் சேர்ந்தவை. ஆவணப்படுத்தலைக் கற்பிக்க அவர் 1962இல் மையம் தொடங்கியது நம் பெங்களூரில்தான். 1972இல் மறைந்ததும் இங்கேதான். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது அவர் வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது. நம் தாள்களை ஒழுங்குபடுத்தும்போது அவரை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

ஜூலையில் அவரவர் விருப்பப்படி குறிச்சொல் இடலாம் என்று விட்டது தவறாகப் போயிற்று. செப்டம்பருக்குள் பொங்கல், பொங்கல்விழா, தைத்திருநாள் என ஒரே விழாவுக்கு மூன்று பெயர். ஒன்றைத் தேடினால் மற்ற இரண்டும் வராது. முக்கால்வாசித் தாளில் ‘முக்கியம்’ என்றும் ‘இதர’ என்றும் இருந்தது. அந்தச் சொற்களை வைத்து எதையும் தேட முடியாது. எனவே அக்டோபரில் 24 சொற்கள் கொண்ட பொதுப் பட்டியலை முடிவு செய்தோம். ஒரு விஷயத்துக்கு ஒரே சொல். புதுச் சொல் வேண்டுமானால் குழுவில் கேட்டுவிட்டுத்தான்.

‘முடிவு செய்தோம்’ என்றேன். அந்தக் கூட்டத்துக்குச் செயற்குழுவின் பதினொரு பேரில் வந்தவர்கள் நான்கு பேர். தேதியை இரண்டு முறை மாற்றிப் பார்த்தேன். வராதவர்களில் சிலர் அப்புறம், ‘பட்ஜெட் என்று ஏன் வைத்தீர்கள், வரவுசெலவு என்று வைத்திருக்கலாமே’ என்றார்கள். நியாயமான கருத்துதான். அதைக் கூட்டத்தில் சொல்லியிருந்தால் அதையே வைத்திருப்போம். எல்லோரும் பயன்படுத்தும் சொல்லை எல்லோரும் சேர்ந்து தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதற்காகத்தான் அழைத்தேன். பலர் வராதது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

பழைய அழைப்பிதழ்களில் இன்னொரு சிக்கல். அவை பாமினி எழுத்துருவில் அடித்தவை. கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் கணினிக்குள் வெறும் ஆங்கில எழுத்துகள்தான். இப்போது போனிலும் கணினியிலும் நாம் தமிழ் அடிக்கும் யூனிகோடு முறையில் ‘பொங்கல்’ என்று தேடினால் அவை அகப்படாது. ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து, யூனிகோடில் பெயர் மாற்றினோம். இதற்கு மூன்று சனிக்கிழமை உட்கார்ந்த இரு கல்லூரி மாணவிகளுக்கு என் தனிப்பட்ட நன்றி.

பலன் இந்தப் பொங்கலில் கிடைத்தது. விண்ணப்பம் கொடுக்கப்போன இடத்தில் பழைய நகல் கேட்டார்கள். வரிசையில் நின்றபடியே போனில் மூன்று சொல் அடித்து எடுத்துக் கொடுத்தேன். ஷாமியானாக்காரரிடம் மூன்று ஆண்டு விலைப்பட்டியலைக் காட்டிப் பேசியதும், அவர் பழைய விலைக்கே வந்தார்.

கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். பொதுவாகச் சொன்னால், செலவு வரவுக்குள் அடங்கியது. பொங்கல் நன்கொடை கைகொடுத்தது. ஆனால் சந்தா நிலுவை சென்ற ஆண்டைவிடக் கூடியிருக்கிறது. இரண்டு, மூன்று ஆண்டாகக் கட்டாதவர்களும் உண்டு. யாருடைய பெயரையும் இங்கே படிக்கப்போவதில்லை.

மண்டபம் தந்தவர்களுக்கும், தமிழ் வகுப்பு ஆசிரியைகளுக்கும், நன்கொடையாளர்களுக்கும், தணிக்கையாளருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

அடுத்த ஆண்டைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன். இதுவரை கோப்புகள் எல்லாம் என் சொந்தக் கணக்கில் இருந்தன. சென்ற மாதம் சங்கத்தின் பெயரில் தனிக் கணக்கு தொடங்கி அதற்கு மாற்றிவிட்டேன். கடவுச்சொல் ஒட்டிய உறையில் தலைவரிடம் இருக்கிறது. நான் இந்தப் பொறுப்பில் இல்லாவிட்டாலும் தாள்கள் இருக்கும். ஆனால் பட்டியலை யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆறு மாதம் விட்டால் மறுபடி மூன்று பெயர் முளைத்துவிடும். மாதம் ஒரு மணி நேரம் தரக்கூடிய இருவர் வந்தால் போதும். முன்னாள் நிர்வாகிகள் வீட்டில் பென் டிரைவிலோ பழைய ஃபைலிலோ சங்கத் தாள் ஏதும் இருந்தால், தயவுசெய்து கொடுத்து உதவுங்கள். நகல் எடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தருகிறேன்.

கூட்டம் முடிந்ததும் பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசல் பக்கத்து மேசையில் இருப்பார். அவருக்குப் பக்கத்திலேயே நானும் மடிக்கணினியோடு இருப்பேன்.

வணக்கம்.
செயலாளர்