கொட்டகைக்குப் பின்னால் இருந்த கிணறு

மட்டக்களப்பு

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்து மூன்று கிழமை ஆகிறது. நீ எழுதிய ஒற்றை வரி இங்கே பெரிய வழக்காகிவிட்டது. நம் குழு பாடி வாசித்த கொட்டகைக்குக் கிடுகுக் கூரை என்று எழுதியிருந்தாய் அல்லவா? வாசித்துக் காட்டினேன். கிற்றார்க்காரன் எழும்பியே விட்டான். "தகரம்! மழை பெய்தால் என் வாசிப்பு எனக்கே கேட்காது!" ஹார்மோனியக்காரர் உன் பக்கம். தேநீர் ஆறியதுதான் மிச்சம்.

இரண்டு பேர் சொன்னதும் சரி. நீ 1977இல் வளைகுடாவுக்கு வேலைக்குப் போனாய். அடுத்த ஆண்டு நவம்பர் 23இல் வந்த சூறாவளி கூரையைக் கொண்டுபோனது. தென்னந்தோட்டங்களே படுத்துக்கிடந்தபோது கிடுகுக்கு எங்கே போவது? தகரம் போட்டோம். கிடுகு சத்தத்தைக் குடித்துவிடும், தகரம் திருப்பி அடிக்கும். மார்கழி மழையும் சேர்ந்தால் பாட்டுக்காரன் கத்தத்தான் வேண்டும். உனக்குப் பிறகு வந்தவனின் தொண்டை அப்படித்தான் போனது.

றபான் மேளம் அடித்த பறங்கி மாமாவை நினைவிருக்கிறதா? கடற்காற்றில் தோல் தொய்ந்துவிடும். இரண்டு பாட்டுக்கு ஒருமுறை பின்பக்கம் போய்ச் சிரட்டைக் கரியின் மேல் தூக்கிப் பிடித்துக் காய்ச்சுவார். விரலால் தட்டி, காதை வைத்துப் பார்த்து, அப்பம் சுடுகிறவர்போலப் பதம் பார்த்துத் திருப்புவார். அதுவரை மேடையில் நாம் பகிடி சொல்லிச் சமாளிப்போம். அவர் வந்து, வயலினும் சேர்ந்து கப்ரிஞ்ஞா ஆட்டப்பாட்டு தொடங்கினால் டச்பார்ப் பறங்கியர் சோடி சோடியாக இறங்கிவிடுவார்கள். கதிரைகளைத் தூக்கி ஓரத்தில் போடுவது என் வேலை.

கடைசியாக வாசித்தது 2004 நத்தார் இரவு. விடிந்தால் ஞாயிறு, பௌர்ணமிப் போயா விடுமுறை வேறு. ஒலிபெருக்கியைக் காலையில் கழற்றலாம் என்று வீட்டுக்குப் போனோம். மாமாவின் வீடு மேடையிலிருந்து நான்காவது. அதற்குமேல் எழுதவில்லை, மச்சான்.

போன சனிக்கிழமை தனியே போய்வந்தேன். 2013இல் கல்லடியில் புதுப் பாலம் திறந்தபின் ஒற்றைவழிப் பாலத்தில் முறைக்குக் காத்திருக்கும் வேலை இல்லை. அந்தக் காத்திருப்பில் நீ முழுப் பாட்டொன்றைப் பாடி முடித்த நாட்களும் உண்டு. கல்லடிக்கு வருகிறவர்கள் வாவியில் மீன் பாடுமா என்றுதான் இன்னும் கேட்கிறார்கள். நாம் பாடியதை ஒருவரும் விசாரிப்பதில்லை.

கொட்டகை இருந்த இடத்தில் அத்திவாரம்கூடத் தெரியவில்லை. கிணறு மட்டும் நிற்கிறது. மேடைக்கு ஏறுமுன் அதற்குள் குனிந்து சுருதி பிடித்துப் பார்ப்பாயே, அதே கிணறுதான். கட்டு பாதி இடிந்திருக்கிறது, உள்ளே சருகும் வெறும் போத்தல்களும். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து நானும் குனிந்து மெதுவாக ஒரு 'சா' பிடித்தேன். பந்து விளையாடிக்கொண்டிருந்த பொடியன் ஓடிவந்து, "அங்கிள், போன் விழுந்துவிட்டதா?" என்று கேட்டான். ஆம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கிற்றார்க்காரனுக்கு நீயே ஒரு கடிதம் போடு. நான் சொன்னால் நம்பமாட்டேன் என்கிறான்.

அன்புடன்,
உன் தபேலா