வெளியீட்டுச் சாவி யார் கையில்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கட்டற்ற மென்பொருளைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் "மூல நிரலை யாரும் பார்க்கலாம், யாரும் திருத்தலாம்" என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். திருத்தி அனுப்பும் உரிமை எல்லோருக்கும் உண்டு என்பது சரிதான். ஆனால் அதை ஏற்பதும் திருப்பி அனுப்புவதும் திட்டத்தைக் கவனித்துக்கொள்ளும் பராமரிப்பாளரின் முடிவு. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் 'மெயின்டெய்னர்ஸ்' என்றே ஒரு கோப்பு இருக்கிறது. எந்தப் பகுதிக்கு யார் பொறுப்பு, சம்பளம் வாங்கிக்கொண்டு பார்ப்பவரா, அந்தப் பகுதி அனாதையாகக் கிடக்கிறதா என்பது வரை அதில் குறித்திருப்பார்கள். முடிவு பிடிக்காதவர் நிரலை நகலெடுத்துத் தனித் திட்டம் தொடங்கலாம். பழைய பெயரும் அதை நம்பித் தரவிறக்குபவர்களும் மட்டும் அவரோடு போகமாட்டார்கள்.

பராமரிப்பாளரின் அதிகாரங்களில் மிகப் பெரியது, புதிய பதிப்பைக் கட்டி, அதாவது நிரலை வெளியீட்டுக் கோப்பாகத் தொகுத்து, தன் மின்னணுச் சாவியால் கையொப்பமிட்டு வெளியிடுவது. அது தவறான கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதை எக்ஸ்இசட் கோப்புச் சுருக்க மென்பொருளில் 2024-இல் பார்த்தோம். லாஸே கோலின் என்பவர் பல ஆண்டுகளாகச் சம்பளமில்லாமல் பராமரித்துவந்த திட்டம் அது. 2021 முதல் 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் ஒழுங்கான திருத்தங்களை அனுப்பினார். 2022-இல் முன்பின் தெரியாத சில பெயர்களிலிருந்து, "வேலை தாமதமாகிறது, வேறு ஆளைச் சேருங்கள்" என்று அஞ்சல் பட்டியலில் நெருக்கடி வந்தது. கடைசியில் ஜியா டானுக்கு வெளியீட்டு உரிமையே கிடைத்துவிட்டது.

2024 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் வந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு, அதாவது வெளியாள் கணினிக்குள் இரகசியமாக நுழையும் வழி, இருந்தது. அதன் சுருட்டிய நிரல், சோதனைக்கான சுருக்கக் கோப்புகள் என்ற பெயரில் கிட் களஞ்சியத்தில் (மூல நிரலும் அதன் மாற்றங்களும் சேமிக்கப்படும் இடத்தில்) எல்லோர் கண்முன்னும் கிடந்தது. எழுத்தாகப் படிக்க முடியாத பைனரி கோப்பை யார் திறந்து பார்ப்பார்கள்? அதை உயிர்ப்பிக்கும் எம்4 வரிகளோ (கட்டும்போது பயன்படும் கட்டளைகள்) களஞ்சியத்தில் இல்லை, வெளியீட்டு டார்பாலில் (தரவிறக்குவதற்கான தொகுப்புக் கோப்பில்) மட்டும் இருந்தன. களஞ்சியத்தை வரிக்கு வரி படித்தவருக்கும் அது கண்ணில் படாது. டெபியன் போன்ற சில லினக்ஸ் வழங்கல்கள், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் சேவையகத்தை, கணினியின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் நூலகத்தோடு (பிற நிரல்கள் பயன்படுத்தும் நிரல் தொகுப்போடு) இணைத்திருந்ததால், அதன் வழியே எக்ஸ்இசட் நூலகமும் உள்ளே வந்துவிட்டது. எஸ்எஸ்எச் நுழைவு 0.299 வினாடியிலிருந்து 0.807 வினாடியாக நீண்டதைக் கவனித்து விடாமல் தோண்டிய ஆண்ட்ரஸ் ஃபிராயிண்ட் என்ற மென்பொருள் பொறியாளர், மார்ச் 29 அன்று உண்மையை வெளியிட்டார். அந்த அரை வினாடிதான் காட்டிக்கொடுத்தது.

தனியாளாகக் களைத்திருந்தவர் உதவிக்கு ஆள் சேர்த்ததை நான் குற்றமாகச் சொல்லமாட்டேன். உரிமைகளைப் பிரித்துக் கொடுக்கும் முறைதான் மாறவேண்டும். புதியவருக்கு முதலில் வழுப் புகார்களைத் தரம் பிரிக்கும் வேலை, பிறகு மற்றவர் திருத்தங்களைச் சரிபார்ப்பது, அதன் பிறகே கமிட் உரிமை, அதாவது களஞ்சியத்தில் நேரடியாக மாற்றம் சேர்க்கும் உரிமை. வெளியீட்டுச் சாவி கடைசி. எழுதியவரே தன் திருத்தத்தை இணைக்க முடியாதபடி களஞ்சியத்தின் முதன்மைக் கிளையைப் (வெளியீடுகளுக்கு அடிப்படையான நிரலைப்) பூட்டவேண்டும். டார்பாலை ஒருவரின் மடிக்கணினியில் கட்டக்கூடாது. பொதுவில் பதிவாகும் தானியங்கிக் கட்டமைப்பில், அந்தப் பதிப்பைக் குறிக்கும் கிட் குறிச்சொல்லிலிருந்தே கட்டவேண்டும். அதே குறிச்சொல்லிலிருந்து இன்னொருவரும் கட்டி, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். கட்டும் வேலைக்காக ஆட்டோகான்ஃப் போன்ற கருவிகள் தாமாக உருவாக்கும் கோப்புகளால் வித்தியாசம் வரத்தான் செய்யும். 'வழக்கமாக வருவதுதானே' என்று அதைத் தள்ளிவிடும் பழக்கத்தைத்தான் அந்தப் பின்கதவு பயன்படுத்திக்கொண்டது. சோதனைக்கான பைனரி கோப்புகள் எப்படி உருவாயின என்பதற்கு உருவாக்கும் நிரலும் கூடவே இருக்கவேண்டும்.

இத்தனைக்கும் குறைந்தது இரண்டு பேர் வேண்டும், அவர்களுக்கு நேரமும் வேண்டும். ஒரு நூலகத்தைத் தன் சேவையகங்களில் ஓட்டும் நிறுவனம், அதன் திருத்தங்களைச் சரிபார்க்கத் தன் பொறியாளருக்கு அலுவலக நேரத்திலேயே சில மணி நேரம் ஒதுக்கினால் பாதிச் சுமை இறங்கும். 'எப்போது சரிசெய்வீர்கள்' என்று கேட்டு எழுதும் மடல் அந்தச் சுமையைக் கூட்டத்தான் செய்யும்.

திட்டத்தின் இணையத்தள முகவரி யார் கையில் என்பதையும் மறக்கக்கூடாது. பின்கதவு வெளிவந்ததும், களஞ்சியம் இருந்த கிட்ஹப் தளம் அதை முடக்கியது. திட்டத்தின் மூல இணையத்தளத்தின் முகவரியைக் கோலின் தன் கையிலேயே வைத்திருந்ததால்தான், நடந்ததைப் பயனர்களுக்கு அங்கிருந்து அவரால் தெரிவிக்க முடிந்தது.

இப்படிக்கு,
கட்டற்ற மென்பொருள் பங்களிப்பாளர் ஒருவர்,
கோயம்புத்தூர்