நாலு பேருக்கும் ஒரே படிவம் வேண்டாம்

அன்புள்ள மச்சான்,

இங்கே எல்லோரும் சுகம். உன் குரல் பதிவுக்கு இவ்வளவு நாளாகப் பதில் போடாததற்குத் திட்டத்தான் செய்வாய், திட்டு. ஆனால் கடிதத்தைக் கடைசி வரைக்கும் வாசித்துவிட்டுத் திட்டு. பாதி வாசித்துவிட்டு மாஸ்டருக்கு போன் அடிக்கிற உன் பழக்கம் இந்த முறை வேண்டாம்.

இங்கே அகதி முகாமில் இருக்கிற மாஸ்டர் இலங்கைக்கே, ஊருக்குத் திரும்புவதென்று முடிவெடுத்துவிட்டார். குடும்பத்தில் நாலு பேருக்கும் சேர்த்துப் பெயர் கொடுக்கப் போகிறாராம். மூத்தவள் வரமாட்டேன் என்று நிற்கிறாள். சின்னவன் பிளஸ் டூ பரீட்சை முடிந்த மறுநாளே கிளம்பத் தயார். மாஸ்டரின் மனைவி, நம்ம அக்கா, இரண்டு பேருக்கும் தலையாட்டிக்கொண்டிருக்கிறா. இதற்குள் நீ வேறு, "காணி சும்மாதானே கிடக்கு, பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்று அவருக்கு உருவேற்றி வைத்திருக்கிறாய். உன் மனம் எனக்குத் தெரியும். ஆனால் போவதா இருப்பதா என்பது அந்த வீட்டில் இன்றைக்குப் பேச வேண்டிய கேள்வியே இல்லை. யார் யாருக்கு எந்த நாட்டில் உரிமை இருக்கிறது என்று பார்க்காமல் நாலு பேரையும் ஒரே படிவத்தில் ஏற்றினால், அந்த வீட்டில் ஒருத்திக்கு இருக்கக்கூடிய உரிமையை அவளே கையெழுத்துப் போட்டு அழித்துவிடுவாள். அதைத்தான் விளக்கமாக எழுதப் போகிறேன். கொஞ்சம் சட்டம் வரும், பொறுத்துக்கொள்.

முகாமில் பிறந்த பிள்ளைகளின் நிலை உனக்குத் தெரிந்ததுதான். ஆதார் இருக்கும், வங்கிக் கணக்கு இருக்கும், ஓட்டுநர் உரிமம்கூட இருக்கும். பாஸ்போர்ட் இல்லை, வாக்கு இல்லை, அரசாங்க வேலை இல்லை. இந்தியக் குடியுரிமைச் சட்டம் பிறந்த தேதியை வைத்து ஆட்களை மூன்றாகப் பிரிக்கிறது. 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்திருந்தால், பெற்றோர் யாராக இருந்தாலும் குடிமகன். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த பெண்ணுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது இந்த அடிப்படையில்தான். 2024 தேர்தலில் அவர் வாக்களித்ததை நீயும் செய்தியில் பார்த்திருப்பாய். 1987 ஜூலை 1க்கும் 2004 டிசம்பர் 3க்கும் இடையில் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். அதற்குப் பிறகு பிறந்தவருக்கு ஒருவர் குடிமகனாக இருந்தால் மட்டும் போதாது, மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி'யாக இருக்கவும் கூடாது. மாஸ்டரைப் போல 1990இல் வள்ளத்தில் வந்து இறங்கிய எல்லோரையும் சட்டம் அந்தச் சொல்லுக்குள்தான் வைத்திருக்கிறது.

மூத்தவள் பிறந்தது 2003 அக்டோபரில். சின்னவன் 2008 ஆகஸ்டில். இதை மனதில் வைத்துக்கொள்.

இனி அக்காவின் கதைக்கு வா. அக்காவின் அப்பா ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் இருந்தவர். தோட்டத் தமிழரை இரண்டு நாடுகளும் பங்கிட்டுக்கொண்ட 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு விண்ணப்பித்து, 1973இல் பிரஜாவுரிமை கிடைத்து, கண்டியில் இந்திய பாஸ்போர்ட்டும் வாங்கியவர் என்று அக்கா சொல்கிறா. கப்பல் ஏற நாள் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் 1977 கலவரம் வந்து வவுனியாவுக்கு ஓடினார்கள். அடுத்த வருடம் அங்கே அக்கா பிறந்தா. 1984இல் தலைமன்னார்–இராமேஸ்வரம் கப்பலே நின்றுபோய்விட்டது. கையில் இந்திய பாஸ்போர்ட்டோடு ஏற வழியில்லாமல் நின்ற எத்தனையோ குடும்பங்களில் அதுவும் ஒன்று. பிறகு மனுசன் செத்துப்போனார், அக்கா 1990இல் அகதியாக வந்து சேர்ந்தா. முகாம் பதிவேட்டில் 'இலங்கைத் தமிழர்' என்று எழுதிவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்தப் பாஸ்போர்ட்டைப் பற்றி யாரும் கேட்கவும் இல்லை, யாரும் சொல்லவும் இல்லை.

அந்தக் காலச் சட்டப்படி, வெளிநாட்டில் பிறந்த பிள்ளையின் தகப்பன் பிள்ளை பிறந்த அன்று இந்தியக் குடிமகனாக இருந்தால் பிள்ளையும் வம்சாவழியில் குடிமகள். தகப்பன் 1973இல் குடிமகன், மகள் 1978இல் பிறந்தவள். அந்தப் பாஸ்போர்ட் மெய்யாக இருந்தால் அக்கா இத்தனை வருடமும் இந்தியக் குடிமகளாகவே அகதி முகாமில் இருந்திருக்கிறா, மச்சான். இதை யோசித்தால் எனக்கு நித்திரை வருவதில்லை.

அக்கா குடிமகள் என்றால் 2003இல் பிறந்த மூத்தவளும் குடிமகள். தகப்பன் வள்ளத்தில் வந்தது அவளுடைய கணக்கில் சேராது. 2008இல் பிறந்த சின்னவனுக்கு மட்டும் சேரும். ஒரே தாய் தகப்பன், ஒரே வீடு, ஆனால் மூத்தவளுக்கு ஒரு நாடு, சின்னவனுக்கு இன்னொரு நாடு. சட்டத்தின் கொடுமை அது. ஆனால் இருப்பதை இருப்பதாகப் பார்த்துத்தான் காரியம் செய்ய வேண்டும்.

இப்போது மாஸ்டரின் ஒரே படிவத்துக்கு வருவோம். ஊருக்குப் போக வேண்டுமென்றால் இங்கே பிறந்த பிள்ளையை முதலில் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிந்து, வம்சாவழி இலங்கைப் பிரஜாவுரிமை வாங்க வேண்டும். மூத்தவள் தானாக விரும்பி அதில் கையெழுத்திட்டால் இந்தியச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி இந்தியக் குடியுரிமை போய்விடும். அக்காவுக்கும் அதே கதி. மலையக வம்சாவழியினருக்கென்று இலங்கை 2003இலும் 2009இலும் கொண்டுவந்த சட்டங்களின் கீழ் விண்ணப்பம் கொடுக்கலாமே என்று யாராவது நல்ல மனதோடுதான் சொல்வார்கள். தாத்தாவின் கடதாசி என்னவென்று தெரியும் வரைக்கும் அக்காவும் மூத்தவளும் எந்தப் படிவத்தையும் தொடக்கூடாது. இதை நீ மாஸ்டரிடம் சொல்லு. நான் சொன்னால் பிள்ளையைப் பிரிக்கப் பார்க்கிறேன் என்று நினைக்கிறார்.

2025 செப்டம்பரில் மத்திய அரசு கொடுத்த விலக்கைக் காட்டி, "இனிப் பயமில்லை, இருந்துவிடலாம்" என்று முகாமில் சிலர் கதைக்கிறார்கள். அதைச் சரியாக விளங்கிக்கொள். 2015 ஜனவரி 9க்குள் வந்து பதிந்திருக்கிற இலங்கைத் தமிழருக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாததற்கு வழக்கும் தண்டனையும் வராது என்பதே அதன் பொருள். நல்ல விஷயம்தான், நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானில் இருந்து வந்த சிறுபான்மையினருக்கு முதலில் இதே மாதிரி விலக்குக் கொடுத்து, பிறகு 2019இல் குடியுரிமைச் சட்டத்தையே திருத்தி, அவர்களைச் 'சட்டவிரோதக் குடியேறி' என்று கொள்ளக்கூடாது என்று எழுதினார்கள். எங்கள் ஆட்களுக்கு முதல் படி மட்டும்தான் கிடைத்திருக்கிறது. இரண்டாவது படி இல்லாமல் பதிவு மூலமும் குடியுரிமை கேட்க முடியாது, இந்தியரைக் கட்டினாலும் கேட்க முடியாது. விலக்கு 'பதிந்தவருக்கு' என்றிருப்பதால் முகாம் பதிவு இப்போது முன்னைவிடப் பெறுமதியானது. வேலைக்காக வெளியூர் போன பொடியன்கள் முகாமில் ஆள் எண்ணும் தணிக்கை நாளில் வராமல் பெயர் அடிபட்டுப் போனால் பணக்கொடை போகிறது என்று மட்டும் நினைக்கிறார்கள். மாதம் ஆயிரம் ரூபாய் போனால் உழைத்துக்கொள்ளலாம், பதிவு போனால் அந்த விலக்கைக் காட்டிக் கேட்க வழியில்லை.

சின்னவனைப் பற்றி. அவனுக்கு ஆகஸ்டில் 18 முடிகிறது. அக்காவின் குடியுரிமைக்குச் சான்று கிடைத்தால், ஆகஸ்டுக்கு முன் ஒரு வழி இருக்கிறது. சிறப்புச் சூழ்நிலை இருந்தால் எந்த மைனரையும் குடிமகனாகப் பதிய மத்திய அரசுக்கு 5ஆம் பிரிவில் அதிகாரம் உண்டு. கொடுப்பதும் கொடுக்காததும் அவர்கள் விருப்பம், வாக்குறுதி இல்லை. ஆனால் மனுப் போடுவதற்கே 18க்குள் இருக்க வேண்டும். அதனால்தான் உன்னை அவசரப்படுத்துகிறேன்.

அவன் போகத்தான் போகிறான் என்றால் அதையும் ஒழுங்காகச் செய்யலாம். துணைத் தூதரகத்துக்கு அவனுடைய இந்தியப் பிறப்புச் சான்றிதழ், மாஸ்டரின் இலங்கைப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், கல்யாணப் பதிவு, முகாம் அட்டை எல்லாம் தேவை. வழக்கமாக இடிக்கிற இடங்கள் மூன்று. ஆஸ்பத்திரியில் பதிந்த சான்றிதழில் 'ஆண் குழந்தை' என்று மட்டும் இருக்கும், பிள்ளையின் பெயர் ஏறியிருக்காது. பெயர் சேர்க்க, பதிந்த நாளிலிருந்து 15 வருடம்தான் பொதுக் கணக்கு. நல்ல வேளை, சின்னவனுக்கு ஏறியிருக்கிறது, நானே பார்த்தேன். அடுத்தது தகப்பனின் பெயர். இங்கே இனிஷியலோடு ஒரு எழுத்துக்கூட்டல், அங்கே முழுப்பெயரில் வேறொன்று. மாஸ்டருக்கு அது இருக்கிறது, சத்தியக் கடதாசி எடுக்க வேண்டும். மூன்றாவது, முகாம் கோயிலில் தாலி கட்டிப் பதியாமல் விட்ட கல்யாணங்கள். இது அவர்களுக்கு இல்லை, பதிந்திருக்கிறார்கள்.

பிறகு யு.என். அகதிகள் அலுவலகத்தில் நேர்காணல். கட்டாயம் இல்லாமல் விரும்பித்தான் போகிறாயா என்று ஒவ்வொருவரையும் கேட்பார்கள். மூத்தவள் அங்கே போய் இல்லை என்று சொல்கிற நிலைக்கு வீட்டைக் கொண்டுபோக வேண்டாம். அதன் பின் நாட்டைவிட்டுப் போக எக்ஸிட் பெர்மிட், அகதிகளைக் கவனிக்கிற போலீஸ் உளவுப் பிரிவான கியூ பிராஞ்சின் விசாரணை. எங்கேயாவது ஒரு சில்லறை வழக்கு நிலுவையில் இருந்தாலும் அங்கே நின்றுவிடும். சின்னவனுக்கு ஒன்றும் இல்லை, ஆனால் போகும் வரைக்கும் அந்த பைக் கூட்டத்தோடு சுற்றாமல் இருக்கச் சொல்லு, உன் சொல்லுக்கு மரியாதை கொடுப்பான்.

அங்கே வந்து என்ன செய்வான் என்று அவனிடம் கேட்டேன். கம்பஸ் போவேன் என்றான். நம்முடைய பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டுபோனால் அங்கே சேர்த்துக்கொள்வார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான் பாவம். அங்கத்தைய உயர்தரப் பரீட்சையான ஏ.எல். எழுதி, தரவரிசைக்கான இசட் ஸ்கோர் வந்தால்தான் பெரும்பாலும் கம்பஸ் என்று நீதான் அவனுக்குச் சொல்ல வேண்டும். இரண்டு வருடம் மறுபடி படிப்பு, அதுவும் வேறு பாடத்திட்டம். இங்கே ஒரு பட்டத்தை முடித்துக்கொண்டு போவதுதான் அவனுக்கு நல்லது என்பது என் அபிப்பிராயம். போவதென்றால் மாற்றுச் சான்றிதழ், எல்லா மதிப்பெண் பட்டியலும் அசலாகக் கையில் இருக்க வேண்டும். மறந்துபோனதை எடுக்கத் திரும்பி வருவதற்கு விசா வேண்டும், அது கிடைக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கப் போவதில்லை.

மாஸ்டரைப் பற்றியும் எனக்கு யோசனையாக இருக்கிறது. 2025 மே மாதம் யு.என். உதவியோடு முறையாகத் திரும்பிய முதியவரைப் பலாலி விமான நிலையத்தில் இறங்கியவுடன் பிடித்தார்களே. முன்பு பாஸ்போர்ட் இல்லாமல் நாட்டைவிட்டுப் போனது குற்றமாம். எதிர்ப்புக் கிளம்பிய பிறகுதான் விட்டார்கள். சட்டத்தை இப்போது எப்படி நடத்துகிறார்கள் என்று அங்கே ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுச் சொல்லு. தகப்பன் அங்கே வெளியேறிய குற்றத்துக்கும் இங்கே நுழைந்த குற்றத்துக்கும் ஆளானவர். பிள்ளைகள் எங்கிருந்தும் வெளியேறவும் இல்லை, எங்கும் நுழையவும் இல்லை, பிறந்தார்கள், அவ்வளவுதான். அதற்கு இவ்வளவு கடதாசி.

இன்னொன்று. மூத்தவளுக்கு இங்கே ஒரு ஏஜென்ட் வலை வீசியிருக்கிறான், உள்ளூர் முகவரியில் இந்திய பாஸ்போர்ட் எடுத்துத் தருகிறானாம். அவளுடைய ஆபீசில் கேட்கிறார்கள் என்று அவளும் மனம் தடுமாறுகிறாள். உரிமையோடு கேட்டு வாங்கக்கூடிய பாஸ்போர்ட்டைப் பொய் சொல்லி வாங்கினால் வழக்கும் வரும், உண்மையான உரிமையையும் பிறகு யாரும் நம்பமாட்டார்கள். நேர்வழியிலும் முதலில் மறுக்கத்தான் செய்வார்கள், முகாம் பதிவேட்டைக் காட்டுவார்கள். மறுப்பை எழுத்தில் வாங்கிக்கொண்டு மதுரைக்குப் போக வேண்டும். கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களில் இருந்த 65 பேர் குடியுரிமை கேட்டு அங்கே போய் 2019இல் தீர்ப்பு வாங்கிய வழி அது. தாத்தாவின் கடதாசி கையில் இருந்தால் இவளுடைய வழக்கு அதைவிடப் பலமானது.

ஆகவே உனக்கு மூன்று வேலை. அக்காவின் சித்தப்பா வீட்டில் தாத்தாவின் கடதாசி வைத்த அந்தத் தகரப் பெட்டி இருக்கிறதா என்று நேரில் போய்ப் பார். போனில் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள். பாஸ்போர்ட் கிடைக்காவிட்டால் பிரஜாவுரிமைப் பத்திரம், குடும்ப அட்டை, தோட்டத்துச் சம்பளப் பதிவான செக்ரோல் துண்டு, எதில் இலக்கம் இருந்தாலும் படம் எடுத்து அனுப்பு. இலக்கம் இருந்தால் கண்டியிலுள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயத்தில் பதிவைத் தேடச் சொல்லி மனுப் போடலாம். வவுனியாக் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) அக்காவின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் உறுதிப்படுத்திய பிரதி எடு. தகப்பனின் இனம் என்ற இடத்தில் இந்தியத் தமிழர் என்று இருக்கும். அது தனியாக எதையும் நிரூபிக்காது, ஆனால் பாஸ்போர்ட்டோடு சேர்ந்தால் பெயரையும் ஆளையும் இணைக்கும். மூன்றாவது, மாஸ்டரின் காணி சொந்தப் பத்திரம் உள்ள உறுதிக் காணியா, அரசாங்கம் அனுமதியில் கொடுத்த பெர்மிட் காணியா, இப்போது யார் பிடியில் இருக்கிறது என்று பிரதேச செயலகத்தில் கேட்டு எழுது. நீ சொல்லும் 'சும்மா கிடக்கு' எனக்குப் போதாது.

அசலைத் தபாலில் அனுப்பிவிடாதே. நாகப்பட்டினம் கப்பலில் வருகிற நம்பிக்கையான ஆள் கையில் கொடு, வருகிற நாளைச் சொன்னால் நான் போய் வாங்கிக்கொள்கிறேன். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் அன்பு.

உன்
மச்சான்,
திருச்சி