மார்பை அளந்து பரிசளியுங்கள்

ஐயா,

பெங்களூரு நாய்க் கண்காட்சி குறித்துத் தங்கள் ஞாயிறு இதழில் வெளியான செய்தி, ஜாக் ரஸ்ஸல் டெரியரை வெறும் அழகுப் பிராணியாக வருணித்திருந்தது. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் டெவன் பகுதிப் பாதிரியார் ஜான் ரஸ்ஸல், வளையில் பதுங்கும் நரியை வெளியே விரட்டுவதற்கென்றே வளர்த்த நாய்களின் வழிவந்த இனம் அது. குறுகிய வளைக்குள் அது நுழைய வேண்டும்; ஆகவேதான் முன்கால்களுக்குப் பின்னே இரு கைகளால் வளைத்துப் பிடிக்கும் அளவுக்கே, அதாவது 40 முதல் 43 சென்டிமீட்டர் சுற்றளவுக்கே, மார்பு இருக்க வேண்டும் என்கிறது அதன் இன இலக்கணம்.

அல்சூரில் எங்கள் வீட்டில் வளர்வது, கோப்பைகள் வென்ற தாய் தந்தைக்குப் பிறந்த நாய்தான். ஆனால் வளைத்துப் பிடித்தால் என் விரல்களுக்கு நடுவே நான்கு விரற்கடை இடைவெளி நிற்கிறது. விற்றவரோ அதைக் ‘கம்பீரம்’ என்றார்! நடுவர்கள் பார்வையாளர் முன்னிலையிலேயே மார்பை அளந்து, தேறாதவற்றைப் பரிசுப் பட்டியலிலிருந்து விலக்கும்படி அமைப்பாளர்கள் விதி செய்யலாம்.

– வாசகர், அல்சூர், பெங்களூரு