வியாழக்கிழமைத் தேத்தண்ணி

அன்பின் மச்சான்,

உன்னுடைய குரல் பதிவு போன கிழமையே வந்தது. மூன்று தரம் கேட்டேன். குரலிலேயே பதில் சொல்லலாம் என்று போனைத் தூக்கினால் வார்த்தை வரவில்லை, அதனால் எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும், ஆறுதலாக இருந்து வாசி.

முதலில் ஊர்ப் புதினம். மாரி தொடங்கிவிட்டது. மட்டக்களப்பு வாவி நிரம்பி, தண்ணி கடலுக்குப் போக முகத்துவாரத்தை வெட்ட வேண்டும், வெட்ட வேண்டாம் என்று கடைத்தெருவெல்லாம் ஒரே கதை. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வெள்ளாமை தப்பினால் போதும் என்று எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மகள் ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எழுதுகிறாள். அம்மாவுக்குச் சீனி ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது, ஆனால் உன் பெயரைச் சொன்னால் இப்போதும் உடனே "அவன் சாப்பிட்டானா?" என்றுதான் கேட்கிறா.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். கோயிலுக்குப் போவதை விட்டு இரண்டு வருடம் ஆகிறது, ரயிலில் போகும்போது போனில் பிரசங்கம் கேட்கிறேன், அது போதாதா என்று கேட்டாய். அப்புறம் கொஞ்சம் நிறுத்திவிட்டு, "உனக்கு இன்னும் விசுவாசம் இருக்கா மச்சான், இல்லாட்டிப் பழக்கத்துக்குப் போறியா?" என்றாய். அந்த இரண்டாவது கேள்விதான் என்னை நித்திரை கொள்ள விடவில்லை.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். 2019 ஏப்ரல் 21, அந்த உயிர்த்த ஞாயிறு. சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது நாங்கள் எங்கள் ஆலயத்தில் பாடிக்கொண்டிருந்தோம். அங்கே செத்தவர்களில் எத்தனை பேர் சின்னப் பிள்ளைகள், ஞாயிறு பாடசாலை முடிந்து முற்றத்துக்கு வந்த பிள்ளைகள், என்று உனக்கும் தெரியும். அதற்குப் பிறகு நான் கதவுக்குப் பக்கத்து வாங்கில்தான் இருப்பேன், யார் உள்ளே வருகிறார்கள் என்று பார்த்தபடி. பாட்டுக்கு எழும்புவேன், வாய் அசையும், உள்ளே ஒன்றும் இராது. ஜெபிக்க இருந்தால் அந்தப் பிள்ளைகளின் செருப்புகள்தான் நினைவுக்கு வரும். அடுத்த வருடம் கொரோனா வந்து ஆலயங்களைப் பூட்டியபோது எனக்கு உண்மையில் நிம்மதியாக இருந்தது. மனைவிக்குக்கூட அதைச் சொல்லவில்லை.

இப்படிக் காய்ந்து போய் இருந்த நேரத்தில்தான் போதகர் வந்து, வீடு வீடாகப் போய்ச் சந்தித்து ஜெபிக்கிற எங்கள் பகுதி வகுப்பை நீ எடு என்றார். இதுவரை நடத்தியவருக்கு முழங்கால் ஏலாமல் போய்விட்டது. என்னிடம் கொடுக்க ஒன்றுமில்லை ஐயா என்றேன். "கொடுக்கச் சொல்லவில்லை, போகத்தான் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு ஒரு சின்னக் கொப்பியைக் கையில் வைத்தார். ஒன்பது வீட்டுப் பெயர். அவ்வளவுதான்.

இந்த வகுப்பு என்பது எங்கிருந்து வந்தது தெரியுமா? நாங்கள் சின்ன வயதிலிருந்தே கேட்ட சொல், ஆனால் கதை எனக்கு இப்போதுதான் தெரிந்தது. 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில், எங்கள் மெதடிஸ்த சபையைத் தொடங்கின ஜோன் வெஸ்லியின் ஆட்கள் கட்டின மண்டபத்துக்குக் கடன். எப்படி அடைப்பது என்று கூடிக் கதைத்தபோது ஒரு கப்டன் எழும்பி, ஆளுக்குக் கிழமைக்கு ஒரு பென்னி போடுவோம் என்றாராம். ஏழைகள் என்ன செய்வார்கள் என்று யாரோ கேட்க, மிக ஏழைகளான பதினொரு பேரை என்னிடம் விடுங்கள், அவர்களால் முடியாத கிழமையில் நான் போடுகிறேன் என்றார் அவர். அப்படி வீடு வீடாகக் காசு சேர்க்கப் போனவர்கள்தான், ஒரு வீட்டில் சண்டை, இன்னொரு வீட்டில் வருத்தம், வேறொருவன் திரும்பவும் பழைய வழிக்குப் போகிறான் என்றெல்லாம் கண்டு வந்து சொன்னார்கள். வெஸ்லிக்கு அப்போதுதான் விளங்கியது, தான் இவ்வளவு நாளும் தேடின வழி இதுதான் என்று. கடன் வசூலுக்குத் தொடங்கின நடை மச்சான், ஆத்துமாக்களைப் பராமரிக்கிற வேலையாக மாறியது.

அந்த நடைதான் கடல் தாண்டி எங்கள் ஊருக்கும் வந்தது. காந்திப் பூங்காப் பக்கம் நிற்கிற வில்லியம் ஓல்ட் சிலையைக் கடந்துதானே நாங்கள் பள்ளிக்கூடம் போனோம், ஒரு நாளாவது நின்று பார்த்தோமா? 1814இல் வந்த மெதடிஸ்த மிஷனரி. வருகிற வழியில் கப்பலிலேயே மனைவியைப் பறிகொடுத்துவிட்டு, தன்னந்தனியாக இங்கே வந்து இறங்கி, பள்ளிக்கூடம் தொடங்கி, 1815இல் இங்கேயே செத்துப்போனார். ஒரு வருடம்கூட முழுதாக இல்லை. பெரிய உற்சாகத்தோடு வேலை செய்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. துக்கத்தோடு எழும்பி, துக்கத்தோடு நடந்து, அன்றைக்குச் செய்ய வேண்டியதைச் செய்திருப்பார். எனக்கு அது பெரிய ஆறுதலாக இருக்கிறது.

நானும் அப்படித்தான் தொடங்கினேன். வியாழக்கிழமை வேலை முடிந்து வந்து, முகம் கழுவி, சைக்கிளை எடுத்துக்கொண்டு கல்லடிப் பாலம் தாண்டி டச்பார் பக்கம் வரை. முதல் மூன்று நான்கு மாதம் எனக்கு ஒன்றுமே உணர்ச்சியாக வரவில்லை, இதை மறைக்காமல் சொல்கிறேன். சொந்த வார்த்தையில் ஜெபிக்க முடியாததால் ஒரு சங்கீதம் வாசித்து, கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்லிவிட்டு எழும்பி வருவேன்.

கடைசி வீடு ஒரு பெரியம்மாவுடையது. தனியாக இருக்கிறா. சுனாமி அவவிடமிருந்து எடுத்துக்கொண்டதை நான் இங்கே எழுதப்போவதில்லை. கண் மங்கல், ஆனால் சங்கீதங்கள் மனப்பாடம். நான் ஒரு சொல்லை விட்டு வாசித்தால் விரலை உயர்த்துவா, நான் திரும்பிப் போய் அந்தச் சொல்லோடு வாசிக்க வேண்டும். ஒரு வியாழன் மழை அடித்துக் கொட்டியது, நான் போகவில்லை. அடுத்த நாள் காலையில் அந்தப் பக்கம் வேலையாகப் போனபோது எட்டிப் பார்த்தேன். முன் விறாந்தையில் வழமையாக நான் இருக்கிற கதிரை துடைத்துப் போட்டபடி இருந்தது. பக்கத்து ஸ்டூலில் ஒரு கோப்பை, மேலே சோசர் கவிழ்த்து மூடி. தூக்கிப் பார்த்தால் ஆறிப்போன தேத்தண்ணி, ஆடை கட்டி, ஒரு எறும்பு. "வருவாய் எண்டு ஊத்தி வைச்சன் மகன், வெளியில ஊத்த மனம் வரல்ல" என்றா. கோபம் இல்லை, குறை சொல்லவும் இல்லை. வாங்கிக் கழுவி வைத்துவிட்டுப் புதிதாக ஊற்றித் தந்தா.

நான் அங்கே அழுதுவிட்டேன் மச்சான். 2019க்குப் பிறகு முதல் தடவை.

அதனால்தான் உன் போன் பிரசங்கம் போதாது என்கிறேன். பிரசங்கம் நல்லதுதான், கேள். ஆனால் நீ ஒரு நாள் கேட்காமல் விட்டால் அந்தப் போதகருக்குத் தெரியுமா? உனக்காக யாராவது கோப்பையை மூடி வைத்திருப்பார்களா? பேதுருவின் இரண்டாம் நிருபத்தை எடுத்து முதலாம் அதிகாரத்தைப் பார், விசுவாசத்தோடே தைரியத்தையும், தைரியத்தோடே ஞானத்தையும் என்று ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு போகிறார். நாங்கள் போட்டிக்காகப் பாடமாக்கிய வசனம். அந்த வரிசையில் சகோதர சிநேகம் எங்கே வருகிறது என்று கவனித்திருக்கிறாயா? பொறுமைக்கும் தேவபக்திக்கும் பிறகு. இன்னொரு மனிதனை நேசிக்க அவ்வளவு பாடுபட வேண்டும் என்று பேதுருவுக்குத் தெரிந்திருக்கிறது. அதுவும், அந்த வரிசையே "அதிக ஜாக்கிரதையுள்ளவர்களாய்" என்றுதான் தொடங்குகிறது. சும்மா இருந்தால் தானாக முளைக்கும் என்று அவர் சொல்லவில்லை.

சபையில் எல்லாம் தேனும் பாலும் என்று நினைத்துவிடாதே. ஒருவரோடு நான் ஒன்றரை வருடம் கதைக்காமல் இருந்தேன். அறுவடை விழா ஏலத்தில் வந்த காசுக் கணக்கில் என்னைச் சந்தேகப்பட்டு, நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டார். கணக்குச் சரியாகத்தான் இருந்தது, அதைக் காட்டியும் விட்டேன், ஆனால் மனம் ஆறவில்லை. அவர் வீடு என் கொப்பியில் ஐந்தாவது. ஒவ்வொரு வியாழனும் அவருடைய கேற்றைத் திறக்கும்போது கை பின்னால் இழுக்கும். அவரும் கதிரையைக் காட்டுவார், முகத்தைப் பார்க்க மாட்டார். அப்படியே போய் வந்தோம். பிறகு ஒரு வெள்ளத்துக்குப் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த சனத்துக்குச் சமைக்க வேண்டி வந்தது, பெண்கள் சங்கத்தினர் எங்கள் இரண்டு பேரையும் ஒரு சாக்கு வெங்காயத்தோடு ஒரு மூலையில் இருத்திவிட்டார்கள். கண்ணெரிச்சலோடு அரைச் சாக்கு உரித்த பிறகு அவர், "அண்டைக்கு நான் அப்பிடிக் கேட்டிருக்கக் கூடாது தம்பி" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை, அவருடைய பக்கம் கிடந்த வெங்காயத்தில் பாதியை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். இப்போது பெரியம்மா வீட்டுக்கு அவரும் என்னோடு வருகிறார். சில நாள் அவர்தான் வாசிப்பார்.

ஆகவே பழக்கத்துக்குப் போகிறேனா என்றால், ஓம், பழக்கத்துக்குத்தான் போனேன். போகப் போக அந்தப் பழக்கத்துக்குள்ளே கர்த்தர் எனக்காகக் காத்திருந்தார். இதைவிட வடிவாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்தப் பிள்ளைகளைப் பற்றிய கேள்விக்கு இன்றுவரை பதில் கிடைக்கவில்லை. கேள்வியோடுதான் ஜெபிக்கிறேன், ஆனால் ஜெபிக்கிறேன்.

உன் பக்கத்தில் தமிழ் ஆராதனை நடக்கிற இடம் ஒன்று இருக்கும், விசாரித்துப் பார். பெரிய சபையாக இருக்க வேண்டியதில்லை. பின் வாங்கில் இரு, நான் இருந்தது போல. ஆனால் முடிந்த உடனே ஓடாதே, நின்று ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போ.

இன்னொன்று. பெரியம்மாவுக்கு உன்னை நினைவிருக்கிறது, பாலன் பிறப்பு நாடகத்தில் மேய்ப்பனாக வந்து ஆட்டுக்குட்டியைத் தவறவிட்ட பிள்ளைதானே என்று கேட்டா. வருகிற வியாழன் பின்னேரம் 5.30க்கு அங்கே இருப்பேன், இப்போது உங்களுக்கு அது சரியாக மத்தியானம் 12 மணி. வேலையில் ஒரு பத்து நிமிடம் எடுக்க முடிந்தால் வட்ஸ்அப்பில் கோல் எடு. 121ஆம் சங்கீதம் வாசிக்கப்போகிறோம். ஒரு சொல்லையும் விடாமல் பார்த்துக்கொள்.

அன்புடன்,
உன் மச்சான்