அப்பத்தாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அப்பத்தாவுக்கு,

உங்கள் பேரன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. கண்ணில் புரை எடுத்த பிறகும் பெரிய எழுத்துத்தான் தெரிகிறது என்று சொன்னீர்கள். அதனால் இதைப் பெரிய எழுத்தில் அச்செடுத்துக் கோட்டையூருக்கு அனுப்ப ஏற்பாடு செய்திருக்கிறேன். அதுவும் தெரியாவிட்டால் பக்கத்து வீட்டு ஆச்சியை வாசிக்கச் சொல்லுங்கள். அவர்களுக்குத் தெரியக் கூடாதது இதில் ஒன்றும் இல்லை. நாலு பேருக்குத் தெரியட்டும் என்றுதான் வெளிப்படையாகவே எழுதுகிறேன்.

சென்ற மாதம் காரைக்குடியில் வயது நிறைவுக்காக நடந்த ஒரு சாந்திக் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்தியில் எதிர் வரிசையில் அமர்ந்திருந்த அயித்தை ஒருவர் என்னைக் காட்டிப் பக்கத்திலிருந்தவரிடம், "பாவம், பெத்தவுக மலேசியாவுல இருக்க, வயசானவுககிட்ட விட்டுட்டுப் போன பிள்ளை" என்றார். இரக்கத்தோடுதான் சொன்னார். எனக்குக் கோபம் வரவில்லை. அவர் யாரைச் சொல்கிறார் என்று விளங்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. விளங்கிய பின் இலையில் இருந்த கந்தரப்பத்தை மென்றுகொண்டே, நாற்பது வயது தாண்டியும் இந்தப் பட்டம் என் மீது இருப்பது எனக்கு எப்படித் தெரியாமல் போனது என்று யோசித்தேன். அந்த யோசனைதான் இந்தக் கடிதம்.

1985இல் என்னைப் பெற்ற அப்பச்சியும் ஆத்தாளும் என்னை உங்களிடம் விட்டுவிட்டுக் கோலாலம்பூருக்குப் போனபோது எனக்கு ஐந்து வயது. 1993இல் திரும்பி வந்தார்கள். இடையில் எட்டு வருடம், அவ்வளவு பெரிய வீட்டில் நீங்கள், தாத்தாவான ஐயா, நான் என்று மூன்றே பேர். பங்காளிகள் ஆளுக்கொரு ஊரில் இருந்தார்கள். கல்யாணத்துக்கும் முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கும் வந்து வீட்டை நிறைத்துவிட்டுப் போவார்கள். மற்ற நாட்களில் முகப்பும், முற்றத்தைச் சுற்றிய வளவில் ஓர் அறையும், அடுப்படியும்தான் நமக்கு. வீட்டின் பின்பகுதியான இரண்டாங்கட்டுக் கதவைப் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது திறந்தால் உண்டு. பூட்டிய அறைகளுக்கு நடுவில் வளர்ந்த பிள்ளை என்று இன்று யாராவது கதை எழுதினால் அதில் பேயும் பயமும் இருக்கும். என் நினைவில் இருப்பதோ, மழை நாளில் ஓட்டிலிருந்து வளவுக்குள் கொட்டும் தண்ணீரைப் பிடிக்க நீங்கள் வரிசையாக வைத்த பித்தளை அண்டாக்களும், எந்த அண்டா எந்தச் சத்தம் போடும் என்று ஐயா என்னிடம் கட்டிய பந்தயமும்தான்.

ஐயாவைப் பற்றி எழுத வேண்டுமென்றால் காலிலிருந்துதான் தொடங்க வேண்டும். 13 வயதில் ரங்கூன் மொகல் தெரு வட்டிக்கடைக்குப் பெட்டியடிப் பையனாகப் போனவர், 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் குண்டு போட்ட பிறகு, லட்சக்கணக்கான பேரோடு சேர்ந்து காட்டுவழியாகவும் மலைவழியாகவும் நடந்தே இந்தியா வந்து சேர்ந்தவர். அந்த நடையை அவர் ஒருநாளும் வீரக்கதையாகச் சொன்னதில்லை. வழியில் செத்துக் கிடந்தவர்களைப் பற்றி நான் கேட்டபோதெல்லாம் பேச்சை மாற்றிவிடுவார். ஆனால் சாயங்காலம் நான் விளையாடிவிட்டு வந்ததும் வளவு ஓரத்துக் கல்லில் உட்கார வைத்து, செம்புத் தண்ணீரால் என் காலைக் கழுவி, துண்டால் விரலிடுக்கு வரை துடைத்து, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உள்ளங்காலைப் பார்ப்பார். கருவேல முள் ஒடிந்து உள்ளே இருந்தால், ஊசியை விளக்கில் காட்டி, முள்ளுக்குச் சுற்றிலும் தோலை மெல்ல நெம்பி எடுத்து, எடுத்த முள்ளை என் உள்ளங்கையில் வைத்து, "இவ்வளவுதான் ஆளு" என்பார். பிறகு ஒரு சொட்டு விளக்கெண்ணெய். எட்டு வருடத்தில் இந்தக் கால் பார்ப்பது நின்ற நாட்களை எண்ணிவிடலாம். நடந்து வந்தவருக்குக் கால் எவ்வளவு முக்கியம் என்பது எனக்கு அப்போது தெரியாது; எல்லார் வீட்டிலும் ஐயாக்கள் இப்படித்தான் செய்வார்கள் என்று நினைத்திருந்தேன்.

உங்களைப் பற்றிய விஷயம் இன்னும் தாமதமாகத்தான் எனக்குப் புரிந்தது. கோலாலம்பூரிலிருந்து கடிதம் வரும் நாளில் வீட்டில் வெள்ளைப் பணியாரம் இருக்கும். தபால்காரர் பதினொரு மணிக்கு வருவார். நீங்கள் உழக்கு நிறையப் பச்சரிசியை அளந்து, அதன் தலையில் நிற்கிற மட்டும் உளுந்தைக் குவித்து, இரண்டையும் சேர்த்து ஊறப் போட்டு, வெண்ணெய் மாதிரி ஆட்டி வைத்திருப்பீர்கள். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது எண்ணெய் காய்ந்திருக்கும். ஒரு கரண்டி மாவு உள்ளே போய், அடியில் நின்று, பிறகு ஓரமெல்லாம் நுரை கட்ட மேலே எழும்பி வரும். சிவக்க விடாமல் திருப்பி எடுப்பீர்கள். மிளகாய்த் துவையலோடு இரண்டு பணியாரம் உள்ளே போன பிறகுதான் கடிதம் என் கைக்கு வரும். கடிதம் வந்தால் பணியாரம் என்றுதான் நான் கணக்கு வைத்திருந்தேன்; கடிதத்துக்காக ஏங்கினேனா பணியாரத்துக்காக ஏங்கினேனா என்று கேட்டால் இன்றும் சொல்லத் தெரியாது. பெற்றோரை நினைத்துப் பிள்ளை அழும் நேரத்தை நீங்கள் எண்ணெய்ச் சட்டியை வைத்து நகர்த்திவிட்டீர்கள் என்பது, எனக்கே ஒரு மகன் பிறந்து அவனை விட்டு வெளியூரில் தங்கிய ஒரு மாதத்தில்தான் உறைத்தது.

இரண்டாங்கட்டுச் சாவி நினைவிருக்கிறதா? என் முழங்கை நீளம் இருந்த அந்த இரும்புச் சாவியை ஒன்பது வயதில் நான் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்து ஒரு பொட்டலம் பேரீச்சம்பழம் வாங்கித் தின்றுவிட்டேன். அடுத்த வீட்டில் விசாரித்தபோது, "நான்தான் போடச் சொன்னேன்" என்று நீங்கள் கூசாமல் பொய் சொன்னீர்கள். மறுநாள் ஐயா என்னைச் சைக்கிள் முன்பாரில் உட்கார வைத்துக் காரைக்குடி வரை மிதித்து, அந்த இரும்புக்காரரைத் தேடிப் பிடித்து, பணம் கொடுத்துச் சாவியை மீட்டார். திரும்பும் வழியில் பாதி தூரம் வரை ஒன்றும் பேசவில்லை. நான் அடிக்குத் தயாராக இருந்தேன். பிறகு கேட்டார்: "பழம் நல்லா இருந்துச்சா?"

2009இல் ஐயா காலமான பிறகு அப்பச்சியின் பெட்டியில், ஐயா மலேசியாவுக்கு எழுதிய கடிதங்கள் கட்டாக இருந்தன. வாரம் ஒன்று, பிள்ளையார் சுழி, சிவமயம், பிறகு மழை, வயல், வரவு செலவு, யார் வீட்டில் என்ன விசேஷம் என்று வட்டிக்கடையில் பழகிய அந்த நெருக்கமான எழுத்து. எல்லாவற்றையும் ஒரே இரவில் படித்தேன். காலாண்டுப் பரீட்சையில் கணக்கில் நான் தோற்றது அதில் இல்லை. கண்மாயில் குளிக்கப் போய் உங்களை ஊர் முழுவதும் தேட வைத்தது இல்லை. சாவி தொலைந்த வாரத்துக் கடிதத்தில், "தம்பி சௌக்கியம். இரண்டாங்கட்டுப் பூட்டுக்கு எண்ணெய் விட்டோம்" என்று மட்டும் இருந்தது. ஒரு காசைக்கூட எழுதாமல் விடாத மனிதர், என் குறைகளை மட்டும் எட்டு வருடமும் எங்கேயும் பதியவில்லை.

படிப்பு விஷயத்தில் மட்டும் அவர் கொஞ்சம் கறார். 1947இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கிய வள்ளல் அழகப்பச் செட்டியார் பிறந்த ஊர் நம் ஊர் என்பதால், "அழகப்பர் ஊர்க்காரன் மக்காக இருக்கலாமா" என்பதே அவருடைய கடைசி ஆயுதம். பங்குனியில் கம்பன் விழாவுக்குக் கூட்டிப்போவார். எனக்கு அங்கே பாதி தூக்கம். கவி பாட வரும் என்று நாட்டரசன்கோட்டையில் கம்பன் சமாதி மண்ணை என் நாக்கில் தடவியதும் உண்டு. கவிதை வரவில்லை என்பது உங்களுக்கே தெரியும்.

பிள்ளையார் நோன்பு நெருங்குகிறது. திருக்கார்த்திகையிலிருந்து நாளுக்கு ஓர் இழையாகப் புது வேட்டியில் நூல் எடுத்து, 21 இழை சேர்ந்த திரியை வெல்லமும் நெய்யும் பிசைந்த மாவில் வைத்து, சஷ்டியும் சதயமும் கூடும் இரவில் ஐயா ஏற்றித் தருவார். எரிகிற சுடரோடு வாயில் போட வேண்டும். முதல் வருடம் நான் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். ஐயா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நீங்கள் பின்னால் வந்து என் இரு தோளையும் பிடித்துக்கொண்டு, "வாயை மூடிக்க தம்பி, தானா அணைஞ்சிரும்" என்றீர்கள். அணைந்தது. நெய்யும் வெல்லமும் புகையும் கலந்த அந்த ருசியை அந்த அயித்தைக்கு நான் எப்படி விளக்குவேன்? அதனால்தான் பந்தியில் ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன்.

இந்த வருடம் என் மகன் முதல் முறையாக இழை எடுத்துக்கொள்ளப் போகிறான். அப்பச்சி ஏற்றித் தருவார். தோளைப் பிடித்துக்கொள்ள நீங்கள் வேண்டும். நோன்புக்கு இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிடுகிறேன். குதிகால் வெடிப்பு வலிக்கிறது என்று போனில் சொன்னீர்கள் அல்லவா, வந்தவுடன் வளவுக் கல்லில் உட்கார வைத்து உங்கள் காலைப் பார்க்கிறேன். விளக்கெண்ணெய் நான் வாங்கி வருகிறேன். ஐயாவின் மூக்குக் கண்ணாடி எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று மட்டும் தேடி வையுங்கள். எனக்கும் இப்போது பக்கத்தில் இருப்பது சரியாகத் தெரிவதில்லை.

இப்படிக்கு,
உங்கள் பேரன்